பூத்த மரத்தடியில் ஒரு மணி நேரம்: செங்கோட்டைப் பக்கம் பறவையும் பூவும் பார்க்கக் கிளம்புவோருக்கு

மாசி பாதியில் எங்கள் குளத்தங்கரை முள்ளிலவு மரத்தில் ஓர் இலைகூட இருக்காது. கிளை கிளையாகச் சிவப்புப் பூ மட்டும்தான். காலை ஆறரைக்கு அதன் அடியில் போய் நின்றால் தலைக்கு மேலே சந்தை கூடிய மாதிரி இரைச்சல். மைனாவும் கரிச்சானும் கிளியும் அணிலும் ஒன்றையொன்று விரட்டும். தடித்த பூக்கள் ஒவ்வொன்றாகத் தொப்பென்று மண்ணில் விழும்.

“பறவை பார்க்க ஆசை, பூக்களின் பேர் தெரிந்துகொள்ள ஆசை, எந்தக் காட்டுக்குப் போகலாம்?” என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். காட்டுக்கு இப்போது போக வேண்டாம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பூத்து நிற்கும் ஒரு மரத்தைக் கண்டுபிடியுங்கள். அதன் அடியில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். அடுத்த வாரமும் அதே மரத்துக்குப் போங்கள். பறவை தனி, பூ தனி என்று இரண்டு வேலையாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்தப் பருவத்தில் பூ இருக்கும் இடத்துக்குப் பறவை தானே வரும்.

அதற்குக் காரணம் நம் பருவம். குளிர்நாடுகளில் வசந்தம் வந்தால் பனி உருகித் தரையெல்லாம் பூக்கும். நமக்குத் தரைப்பூக்களின் காலம் ஐப்பசி மழைக்குப் பிறகு வந்து, தை வரை நீண்டு, முடிந்தும் விடுகிறது. மாசியில் தரை காயத் தொடங்கும்போது மரங்கள் பூக்கின்றன. தண்ணீரை மிச்சம் பிடிக்க இலையை உதிர்த்துவிட்டு, வெறுங்கிளையில் பூவைக் காட்டுகின்றன. மறைக்க இலை இல்லாததால் தூரத்தில் பறக்கும் பறவைக்கும் அது தெரியும். பழையவர்கள் மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் சித்திரை, வைகாசியை இளவேனில் என்றும் பிரித்தார்கள். இங்குள்ள மரங்கள் இளவேனில் வரை பொறுத்திருப்பதில்லை, பின்பனியிலேயே ஆரம்பித்துவிடுகின்றன. ஆகவே நம் வசந்தத்தைப் பார்க்கக் குனிய வேண்டாம், அண்ணாந்து பார்க்க வேண்டும்.

தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையைக் குறிப்பாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே தாழ்ந்து வழிவிடுகிறது. அந்த வழியாகத்தான் ரோடும் ரயிலும் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று கேரளத்துக்குள் இறங்குகின்றன. மலைக்குக் கிழக்கே இலையுதிர்க்கும் வறண்ட மரங்கள், மேற்கே ஆண்டு முழுக்கப் பச்சை மாறாத ஈரக்காடு. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும்தான் இருந்தது. 1933-ல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோது இந்த ஊர் அந்த வரைபடத்துக்குள் இருந்தது. எல்லை பிறகு நகர்ந்தது, பறவைகளின் வழி அப்படியேதான் இருக்கிறது.

கிளம்பும் முன்

முதல் நான்கைந்து நடைக்குப் பைனாகுலர் வேண்டாம். கண்ணும் காதும் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும். ஆசை நிலைத்துவிட்டது என்று தெரிந்தபின் வாங்குங்கள். வாங்கும்போது 8×42 என்று எழுதியதைத் தேடுங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். மடங்கு கூடினால் நல்லது என்று நினைத்து நான் முதலில் 20 மடங்கு காட்டும் ஒன்றை வாங்கினேன். கையின் சிறு நடுக்கமும் 20 மடங்காகப் பெருகி, தேன்சிட்டு வெறும் கோடாகத்தான் தெரிந்தது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம். இரவலாகக் கிடைத்தால் வெவ்வேறு அளவுகளைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கியதும் அதை உங்கள் கண்ணுக்குப் பழக்க வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை, பிறகு தலைவலிக்கிறது என்பார்கள். இரண்டு குழலையும் விரித்தும் குறுக்கியும், இரு கண்ணுக்கும் சேர்த்து ஒரே வட்டம் தெரியும்படி வையுங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, தூரத்திலுள்ள கடைப் பலகையின் எழுத்து இடது கண்ணுக்குத் தெளிவாகும் வரை நடுச் சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண்குழலில் இருக்கும் வளையத்தைத் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தை இனித் தொட வேண்டாம். இனி எப்போதும் நடுச் சக்கரம் மட்டும்தான். கண்ணாடி போட்டவர்கள் கண்குழலின் ரப்பரை மடக்கிவிட்டுப் பார்க்கலாம்.

பறவையைக் குழலுக்குள் பிடிப்பது அடுத்த வித்தை. குழலை முதலில் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் கிடைக்காது. வெறும் கண்ணால் பறவையைப் பாருங்கள். பார்வையை எடுக்காமல், தலையை அசைக்காமல், குழலை மட்டும் கண்ணுக்கு உயர்த்துங்கள். வீட்டு மாடியில் நின்று காக்கையை வைத்து இரண்டு நாள் பழகினால் கை வந்துவிடும்.

உடை மண் நிறத்திலோ இலை நிறத்திலோ இருக்கட்டும். தொப்பி, தண்ணீர், முழுக்கால் உடை, ஷூ. செல்போனில் பறவைக் குரலைக் கேட்டுப் பேர் சொல்லும் மெர்லின் செயலி இருக்கிறது. மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்காது என்பதால் வீட்டிலேயே இந்தியத் தொகுப்பை இறக்கிவையுங்கள். அது சொல்வதை முடிவான தீர்ப்பாக எடுக்காதீர்கள். “இந்தப் பேராக இருக்கலாம், தேடிப் பார்” என்று ஒரு நண்பர் காதில் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண் பார்த்ததை மட்டும் நோட்டில் எழுதுங்கள்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பது

முள்ளிலவு கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். அடிமரத்தில் கூம்பு கூம்பாக முள், கை அகலத்துக்குச் சிவப்புப் பூ. தை கடைசியில் தொடங்கிப் பங்குனி வரை இருக்கும். பஞ்சுக்காக வளர்க்கும் இலவம்பஞ்சு மரம் வேறு. அதன் பூ வெளிர் நிறம், அதற்கு இரவில் வௌவால் வரும்.

தோட்டத்து வேலியில் கல்யாண முருங்கை நின்றால் அதுவும் நல்ல மரம்தான். முள்முருங்கை என்றும் சொல்வார்கள். மலைக்கு மேற்கே மிளகுக்கொடி படர இதைத்தான் நட்டிருப்பார்கள். பாறைக் குன்றுகளில் இலையே இல்லாமல் பளீரென்ற மஞ்சளில் தெரிவது கோங்கு. பக்கத்தில் போக முடியாது, ரோட்டிலிருந்தே பைனாகுலரில் பார்க்கலாம். எந்த ஊரிலும் கிடைப்பது மாமரம். அதன் பூ சிறிது, ஆனால் ஈயும் வண்டும் மொய்க்கும், அவற்றைப் பிடிக்கப் பறவை வரும்.

கோயில் பக்கம் இலுப்பை இருந்தால் விடியும் முன்பே போங்கள். இரவில் மலர்ந்து, விடியலில் சதைப்பற்றான வெளிர்மஞ்சள் பூவை மரம் பொழிந்துகொண்டிருக்கும். ஒன்றை நாக்கில் வைத்தால் தித்திப்பு. பங்குனி பாதிக்கு மேல் புங்கு பழுத்த இலையைக் கொட்டிவிட்டுக் கண் கூசும் பச்சையில் தளிர்க்கும். வேம்பு பூக்கும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு நாம் பறிப்பது அந்தப் பூதான். மஞ்சணத்தி வெள்ளையாகப் பூத்து ஒழுங்கை முழுக்க மணக்கும். சரக்கொன்றை கடைசியாக வரும். மலையாளிகள் அதைக் கணிக்கொன்னை என்பார்கள், விஷுக் கணிக்கு அது இல்லாமல் ஆகாது.

ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்குக் காலை வெயில் முதுகுப் பக்கத்திலிருந்து வர வேண்டும், அதாவது மரத்துக்குக் கிழக்கே நிற்க இடம் வேண்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். அடுத்து, வீட்டிலிருந்து அரை மணிக்குள் போய்ச் சேரும் தூரம். தூரமாக இருந்தால் மூன்றாம் வாரம் போக மாட்டீர்கள். மூன்றாவது, தனியார் தோப்பாக இருந்தால் உரிமையாளரிடமோ காவலுக்கு இருப்பவரிடமோ முதல் நாளே போய்ச் சொல்லிவிடுங்கள். கழுத்தில் குழலை மாட்டிக்கொண்டு தோப்போரம் ஒருவர் அசையாமல் நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும்.

நான் குளத்தங்கரையில் நின்ற முதல் வாரம் புல் அறுக்க வந்த ஓர் ஆச்சி பின்னாலேயே நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன தாயி, அதுக்குள்ள என்ன தெரியுது?” குழலைக் கொடுத்தேன். கிளி தெரிந்ததும் சிரித்தார். “இலவு காத்த கிளின்னு சும்மாவா சொன்னாவ, பாரேன் பூவக் கூட விடல!” அவர் சொன்னது சரி. பழமொழியில் வரும் கிளி காய் பழுக்குமென்று காத்திருந்து ஏமாறுகிறது. மாசியில் வரும் கிளி மொட்டையும் பூவையும் கடித்துத் தேன் குடித்துவிட்டுத்தான் போகிறது. அந்த ஆச்சிதான் பிறகு எனக்குக் குளத்தில் எந்த மூலையில் நாமக்கோழி கூடு வைக்கும் என்று காட்டினார். வயலில் வேலை செய்கிறவர்களைவிட நல்ல ஆசிரியர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள்.

அந்த ஒரு மணி நேரம்

சூரியன் ஆறரை மணிவாக்கில் எழும். அதற்குக் கால்மணி முன்பே போய் நின்றுவிடுங்கள். மரத்திலிருந்து இருபது இருபத்தைந்து அடி தள்ளி நிற்பது நல்லது. முதல் பத்து நிமிடம் எதையும் அடையாளம் காண முயல வேண்டாம். நீங்கள் வந்ததால் கலைந்த பறவைகள் திரும்பி வர அந்த நேரம் வேண்டும். அதுவரை காதால் கேளுங்கள். ‘குட்ரூ, குட்ரூ’ என்று நிறுத்தாமல் கூப்பிடுவது பச்சைநிறக் குக்குறுவான். செம்பு தட்டுகிற மாதிரி ‘டுக், டுக், டுக்’ என்று ஒரே தாளத்தில் வருவது செம்மார்புக் குக்குறுவான். வெயில் ஏற ஏற அது தட்டுவதும் கூடும்.

மரத்தடி இருட்டில், புதருக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் தெளிவான சீழ்க்கை வந்தால் அசையாதீர்கள். அது ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடுவதால் இந்தப் பேர். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று பல நிறங்களை அப்பிய குட்டைவால் பறவை. வடக்கே, இமயமலையடிவாரம் வரையுள்ள காடுகளில் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருகிறது. சித்திரைக்குள் திரும்பிவிடும். சருகைப் புரட்டிப் புழு தேடுவதால் அதைத் தரையில்தான் தேட வேண்டும்.

வெளிச்சம் வந்ததும் மரத்துக்கு வருகிறவர்களைப் பாருங்கள். காக்கையும் மைனாவும் முதலில் வரும். மைனா பூவுக்குள் தலையை முழுக்க விட்டு எடுக்கும்போது நெற்றியில் மகரந்தப் பொடி ஒட்டியிருக்கும். அந்தத் தலையோடு அடுத்த மரத்துப் பூவுக்குள் போகும். மரம் இத்தனை தேனைச் செலவழிப்பது அந்த ஒரு வேலைக்காகத்தான். இரட்டைவால் குருவி என்று நாம் சொல்லும் கரிச்சானுக்கு இங்கே இரண்டு லாபம், தேனும் குடிக்கும், தேனுக்கு வரும் பூச்சியையும் பிடிக்கும். சின்னான் ஜோடியாக வரும். வெயில் மரத்தின் மேல் விழுந்தபின் தேன்சிட்டு வரும். கருநீலமாக மின்னும் ஆண் ஊதாத் தேன்சிட்டையும், வயிறு மஞ்சளாக இருக்கும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டையும் பிரித்தறிவது உங்கள் முதல் பாடமாக இருக்கட்டும். பெரிய பூவைத் தூக்கி எறிகிற மாதிரி உலுக்குவது கிளி.

பறவையைப் பார்த்தவுடன் பேரைத் தேடாதீர்கள். அளவு முதலில்: சிட்டை ஒத்ததா, மைனாவை ஒத்ததா, காக்கையை ஒத்ததா. பிறகு அலகு: பூச்சி பிடிக்கும் ஊசியா, தேன் உறிஞ்சும் வளைவா, கொட்டை உடைக்கும் கட்டையா. பிறகு வால், அதன் பிறகு நிறம். கடைசியாக, அது என்ன செய்கிறது. புதியவர்கள் நிறத்தில் தொடங்கித்தான் குழம்புகிறார்கள், ஏனென்றால் நிழலில் நிறம் மாறும். அலகு மாறாது.

கூட்டமாக முப்பது நாற்பது பறவை ஒன்றாக இறங்கி, மரத்தையே உலுக்கிவிட்டு ஒன்றாகக் கிளம்பினால் அது சூறைக்குருவி. சிலர் சோளக்குருவி என்பார்கள், ரோசா மைனா என்றும் பேர். உடம்பு வெளிர்ரோசா, தலையும் இறக்கையும் கறுப்பு. மத்திய ஆசியாப் புல்வெளிகளிலிருந்து வந்து, இங்கே பனிக்காலம் கழித்துவிட்டுப் பங்குனி, சித்திரையில் திரும்பும். போகும் முன் ரோசா நிறம் கூடிக்கொண்டே வரும். அதே மரத்தை வாராவாரம் பார்த்தால்தான் அந்த மாற்றம் தெரியும்.

ஏழரைக்கு மேல் இரைச்சல் அடங்கும். அப்போது மரத்தடிக்குப் போய் விழுந்த பூ ஒன்றை எடுங்கள். தோல் மாதிரித் தடித்த ஐந்து இதழ், உள்ளே கொத்துக் கொத்தாகக் கேசரம், அதாவது மகரந்தம் சுமக்கும் இழைகள். எண்ணிப் பாருங்கள், அறுபதைத் தாண்டும். அடிக்கிண்ணத்தில் இன்னும் ஈரம் இருக்கும், எறும்பு அதற்குள் ஏறியிருக்கும். பூவைப் பெரிதாகப் பார்க்க லென்ஸ் இல்லையென்றால் பைனாகுலரைத் தலைகீழாகப் பிடியுங்கள். கண்ணால் பார்க்கும் முனையைப் பூவுக்கு ஓரங்குல நெருக்கத்தில் வைத்து, பெரிய கண்ணாடி வழியாகப் பாருங்கள். கேசரத்தின் நுனியும் அதில் ஒட்டிய பொடியும் துல்லியமாகத் தெரியும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பறவையைவிட இது பிடித்துப்போயிற்று. செட்டிநாட்டுச் சமையலில் போடும் மராட்டி மொக்கும் இலவ இனத்தின் காய்ந்த மொக்குதான்.

குளத்தங்கரை, அறுத்த வயல்

மரம் முடிந்ததும் குளத்துக்கு வாருங்கள். செங்கோட்டை, இலஞ்சி, ஆய்க்குடி, அச்சன்புதூர், புளியரை என்று எந்தப் பக்கம் போனாலும் குளமும் வயலும்தான். மாசியில் தண்ணீர் இன்னும் இருக்கும். நடுவில் மிதக்கும் வாத்துக் கூட்டத்தில் கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை வளைந்திருந்தால் நீலச்சிறகி. வால் ஊசியாக நீண்டிருந்தால் ஊசிவால் வாத்து. இரண்டும் வடக்கே போகக் காத்திருக்கும் விருந்தாளிகள். பங்குனியில் தண்ணீர் சுருங்கச் சுருங்க மீன் ஓரிடத்தில் சேரும். அப்போது கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் கூடும். கொக்குகளில் நிறமாற்றம் தொடங்கியிருக்கும். மண்ணோடு மண்ணாகக் குந்தியிருக்கும் மடையானின் முதுகு மெல்ல மெல்லக் கருஞ்சிவப்பாகும், உண்ணிக்கொக்கின் தலையில் ஆரஞ்சு ஏறும். அப்படி ஏறினால் கூடு கட்டும் காலம் நெருங்குகிறது என்று பொருள்.

பிசானம் என்னும் பின்பருவ நெல் அறுப்பு நடக்கும் நாட்களில் வயலை விடாதீர்கள். அறுப்பு இயந்திரத்தின் பின்னாலேயே வெள்ளைக் கொக்கு வரிசை நடக்கும். வாலாட்டி வரப்பில் ஓடும். மின்கம்பியில் தகைவிலான் நூல் கோத்த மாதிரி உட்கார்ந்திருக்கும். கம்பியில் ஒற்றையாக, மங்கலாக உட்கார்ந்திருக்கும் பனங்காடை பறந்தால் இறக்கை முழுக்க நீலம் விரியும். அதற்காக அரை மணி காத்திருக்கலாம். கரையிலேயே நில்லுங்கள், வயலுக்குள் இறங்க வேண்டாம். ஆள்காட்டி தரையில் முட்டை வைக்கும் பருவம் தொடங்கிவிடும். தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் நீங்கள் அதன் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

நாரைகள் கூடு கட்டுவதைப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு நாள் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் போய் வாருங்கள். ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களில் கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டும். எச்சத்தையும் நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு தலைமுறையாக அந்த ஊர்க்காரர்கள் அவற்றைக் காத்து வருகிறார்கள். இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்தையும் அங்கே பார்க்கலாம், ஆனால் மாசியிலேயே போய்விட வேண்டும்.

தரையில் மிச்சம் இருப்பவை

தரைப்பூ அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குளக்கரையில் நடக்கும்போது பத்தடிக்கு ஒருமுறை குனியுங்கள். தும்பை, நெருஞ்சி, கொழுஞ்சி, ஆவாரை, எருக்கு ஐந்தையும் முதல் மாதத்தில் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர் வற்றிய ஓரத்தில் படர்ந்திருப்பது பொடுதலை. புல்லுக்கு நடுவே ஒரு மிளகை விடச் சற்றே பெரிய நீலப்பூ தெரிந்தால் விஷ்ணுகிரந்தி. வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும், ஒன்பது மணிக்குள் பார்த்துவிட வேண்டும். எருக்கம்பூவில் பெரிய கருவண்டு உட்கார்ந்து கிளையே தாழும். அதைப் பார்க்கக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

பூப் பறிக்க வேண்டாம். படம் எடுங்கள், பூவை மட்டும் எடுக்காமல், இலை, தண்டு, முழுச்செடி என்று மூன்று படம். இலை இல்லாத படத்தை வைத்து யாராலும் பேர் சொல்ல முடியாது. அழகாகப் பூத்திருப்பதெல்லாம் நம் ஊர்ச் செடி என்றும் நினைத்துவிடாதீர்கள். வேலியோரம் பல நிறத்தில் பூக்கும் உண்ணிச்செடி, குளத்தை மூடும் ஆகாயத்தாமரை இரண்டும் வெளியிலிருந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டவை. அவற்றையும் நோட்டில் எழுதுங்கள். எங்கே பெருகுகிறது என்பதும் தெரிய வேண்டிய செய்திதான்.

மலைக்கு மேற்கே ஒரு நாள்

நாலைந்து வாரம் பழகியபின் செங்கோட்டையிலிருந்து புனலூர்ப் பக்கம் போகும் பகல் ரயிலில் ஏறுங்கள். ஜன்னலோரம் போதும். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்து வெளியே வந்தால் காடே மாறியிருக்கும். மலைப்பாதையில் ரயில் மெதுவாகத்தான் போகும். கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் பாலம் வரை வெளியே பார்த்துக்கொண்டே வாருங்கள். ரப்பர் தோட்டங்கள் இந்தப் பருவத்தில் புதுத்தளிர் விட்டு அழகாக இருக்கும். தேனீ வளர்ப்போருக்கு அது நல்ல காலம், பறவைக்கு அங்கே அதிக வேலை இல்லை. ரப்பரைத் தாண்டிய காட்டோரத்தைப் பாருங்கள்.

தென்மலையை ஒட்டிய செந்துருணி சரணாலயத்துக்குச் செங்குறிஞ்சி மரத்தால் அந்தப் பேர் வந்தது. வனத்துறை அழைத்துப் போகும் நடையில் சேர்ந்துகொள்ளுங்கள். சாம்பல்நிற இருவாட்சியின் சிரிப்பொலி கேட்கும். மலையாளிகள் இருவாட்சியை வேழாம்பல் என்பார்கள். இந்த மாதங்களில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சிறு துளை வழியாக ஆண் பழம் ஊட்டும். அந்தக் குடும்பம் முழுவதும் அந்த ஓர் ஆணை நம்பியிருக்கிறது. பொந்து தெரிந்தால் படத்துக்காக நெருங்க வேண்டாம், இடத்தை எங்கும் எழுதவும் வேண்டாம்.

பங்குனி கடைசியில் போனால் நாலு சுரத்தில் ஒரு குயிலினத்தின் குரல் கேட்கும். ‘சக்கைக்கு உப்புண்டோ’ என்று அது பலாக்காய்க்கு உப்புக் கேட்பதாகக் கேரளத்தார் சொல்வார்கள். விஷுப்பட்சி என்று அதற்குப் பேர். நம் பக்கம் ‘அக்கா, அக்கா’ என்று உச்சத்துக்கு ஏறிக்கொண்டே போவது அக்கா குயில். இரண்டையும் ஒருமுறை காதில் வாங்கிவிட்டால் மறக்காது.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். இந்தப் பருவத்தில் உயிருக்கும் ஆபத்து. சருகு காய்ந்து, புல் காய்ந்து, ஒரு பொறி போதும். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதே மாசிக் கடைசிதான். தீப்பெட்டி, சிகரெட், அடுப்பு எதுவும் கொண்டு போகாதீர்கள். தூரத்தில் புகை தெரிந்தால் திரும்பிவிடுங்கள்.

மேக்கரை, வடகரைப் பக்கம் யானை தோப்புக்கு இறங்கும். அந்தப் பகுதியில் விடியும் முன்பும் பொழுது சாய்ந்தபின்பும் நடக்க வேண்டாம். காலையில் முதலில் டீக்கடையில் கேளுங்கள், ராத்திரி யானை வந்ததா இல்லையா என்று அங்கே தெரிந்துவிடும். இரண்டு பேராகப் போவது எப்போதும் நல்லது, பெண்கள் தனியாகக் கிளம்பினால் போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். செல்போனில் பறவைக் குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். இது கூடு கட்டும் காலம். எதிரி வந்துவிட்டான் என்று அது அடைகாப்பதை விட்டுவிட்டு ஓடி வரும்.

நோட்டு

தேதி, நேரம், இடம், வெயிலா மேகமா, மரத்தில் மொட்டு எவ்வளவு, பூ எவ்வளவு, இலை வந்ததா, எந்தப் பறவை எத்தனை, என்ன செய்தது. இவ்வளவு போதும். பேர் தெரியாத பறவைக்குப் படம் வரைந்து அம்புக்குறி போட்டு எழுதுங்கள், கோணலாக வந்தாலும் பரவாயில்லை. பறவைப் பட்டியலை ஈபேர்ட் தளத்தில் ஏற்றலாம். பிப்ரவரி நடுவில் நான்கு நாள் உலகம் முழுக்க நடக்கும் கணக்கெடுப்பில் 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினாலே சேர்ந்துகொள்ளலாம். மரத்தின் மாற்றத்தை வாராவாரம் பதிய சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது. கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் அதில் எழுதுகிறார்கள். நம் பக்கத்துப் பள்ளிகளும் சேர்ந்தால் மலையின் இரண்டு பக்கத்துக் கொன்றையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை. தாமிரபரணிக் குளங்களில் 2011 முதல் தை மாத வாக்கில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, அடுத்த ஆண்டு தன்னார்வலராகச் சேர இப்போதிருந்தே பழகலாம்.

புதிதாக வந்த பறவையை எல்லோரும் எழுதுவார்கள். போன பறவையையும் எழுதுங்கள். நீலச்சிறகியைக் குளத்தில் கடைசியாகப் பார்த்த தேதி, சூறைக்குருவியைக் கடைசியாகப் பார்த்த தேதி, ஆறுமணிக்குருவியைக் கடைசியாகக் கேட்ட தேதி. கடைசி என்று அன்றைக்குத் தெரியாது, அடுத்த வாரம் போய்ப் பார்த்து, அதற்கடுத்த வாரமும் பார்த்தபின்தான் தெரியும். சித்திரையில் முள்ளிலவு இலை விட்டு, காய் வெடித்துப் பஞ்சு பறக்கத் தொடங்கும். அதற்குள் பறவைகள் வேம்புக்கும் கொன்றைக்கும் மாறியிருக்கும். நீங்களும் நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்தடிக்குப் போய்விடலாம்.